மறுகால் எங்கே போகிறது? குளம் மீட்கும் திட்டம் எழுதப் புகுபவர்களுக்கு

நான் முதன்முதலாக எழுதிய குளத் திட்டம் பதினெட்டுப் பக்கம். அதில் ஆறு பக்கம் பறவைப் படங்கள். நடைபாதை, கல்லிருக்கை, கரையோரம் ஆயிரம் மரக்கன்று என்று எதற்கும் குறைவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது அம்மணி. மறுகால் எங்கே போகிறது என்று எழுதவில்லையே?" என்றார். குளம் நிறைந்து மிஞ்சும் நீர் வெளியேறும் வழிதான் மறுகால். அப்போது அது எது என்றே எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால், அது சீமைக்கருவேலத்துக்குள் நுழைந்து, ஒரு தார்ச்சாலையின் மேட்டில் முட்டி நின்றிருந்தது. மனுவை வாங்கிய அலுவலகமும் அதே கேள்வியைக் கேட்டுத்தான் திருப்பி அனுப்பியது. என்ன, ஐந்து மாதம் கழித்து.

அந்த ஐந்து மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு குளத்தையோ குட்டையையோ மீட்கத் திட்டம் எழுதி, அதை அரசிடமோ ஒரு நிறுவனத்திடமோ கொண்டுபோக நினைப்பவருக்கானது இது.

வங்கி என்ற வார்த்தையைப் பற்றி முதலில்

'மிட்டிகேஷன் பேங்க்' என்ற சொல் இப்போது நம் பக்கத்துக் கூட்டங்களிலும் காதில் விழுகிறது. ஈடுசெய் ஈரநில வங்கி என்று சொல்லலாம். அது அமெரிக்க ஏற்பாடு. அங்கே 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 404-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சட்டத்தின் கீழ் வரும் சதுப்பிலோ ஓடையிலோ மண் கொட்ட வேண்டுமானால் ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். சேதத்தைத் தவிர்க்க முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள். முடியாவிட்டால் குறைக்கச் சொல்வார்கள். அதற்கும் மிஞ்சியதற்குத்தான் ஈடு. வேறோர் இடத்தில் ஒருவர் ஈரநிலத்தை மீட்டு வைத்திருப்பார். அந்த மீட்புக்குக் கிரெடிட் கணக்கிடுவார்கள். மண் கொட்டுபவர் அதைக் காசு கொடுத்து வாங்குவார்.

அமெரிக்காவைப் போலச் சட்டம் கட்டாயப்படுத்தும் ஈரநில வங்கி நம் நாட்டில் இல்லை. 2023 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த பசுமைக் கிரெடிட் விதிகளில் நீர் மேலாண்மை என்ற தலைப்பு இருக்கிறது. ஆனால் முதலில் வந்த கணக்கீட்டு முறை மரம் நடுவதற்கானது. ஆகவே "உங்கள் குட்டையைக் கொடுங்கள், கிரெடிட்டாக மாற்றித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 2008-இல் அவர்கள் போட்ட விதியின்படி, ஈடுசெய் திட்டம் எழுதுபவர் 12 தலைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: நோக்கம், இடத் தேர்வு, நிலப் பாதுகாப்பு, இன்றைய நிலை, கிரெடிட் கணக்கு, வேலைத் திட்டம், பராமரிப்பு, தேறியதா என்று பார்க்கும் அளவுகோல், கண்காணிப்பு, நீண்டகால நிர்வாகம், தவறினால் மாற்று வழி, பண உத்தரவாதம். கண்காணிப்பு குறைந்தது ஐந்து ஆண்டு. கிரெடிட்டும் மொத்தமாகக் கைக்கு வராது. குறித்த படி ஒவ்வொன்றும் தேறத் தேறத்தான் விற்கலாம். புதிதாக வெட்டுவதைவிட, இருந்து கெட்டதை மீட்பதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்கிறது அந்த விதி. குளமும் வாய்க்காலுமாக ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும் நமக்கு இது அப்படியே பொருந்தும். கிரெடிட் கணக்கை விட்டுவிட்டு மற்றப் பதினொன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். எந்த மேசையிலும் நிற்கும் திட்டமாக அது இருக்கும்.

காகிதத்தில் குளம் யாருடையது

குளத்துக்குப் போவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்த நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏரி, குளம், குட்டை, ஓடை, வாய்க்கால் என்று நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் நல்லது. குளத்தின் உள்வாயில், அதாவது நீர் நிற்கும் உட்பகுதியில், ஒரு மூலை மட்டும் பட்டாவாக இருப்பதும், வாய்க்கால் நடுவில் காணாமல் போய் மறுபடி முளைப்பதும் காகிதத்தில்தான் தெரியவரும். புல வரைபடத்தையும் வாங்கி, அதில் நீல மையால் வரத்து வாய்க்காலையும் சிவப்பு மையால் மறுகாலையும் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் திட்டத்தின் பாதி வேலை அந்த ஒரு தாளில் முடிந்துவிடும்.

அடுத்தது, பராமரிப்பு யார் கையில்? பழைய கணக்குப்படி 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (குளத்து நீர் பாயும் வயல்பரப்பு) உள்ள பாசனக் குளங்கள் பொதுப்பணித் துறையிடம் இருந்தன. இன்று அவை நீர்வளத் துறையில். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். நகருக்குள் வந்துவிட்ட குளங்களில் சில மாநகராட்சியின் பொறுப்பில். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மேசை மேசையாகப் பயணம் போகும். போன இடத்தை நீங்கள்தான் தேடிக்கொண்டு அலைய வேண்டும்.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கென்றோ குடிநீருக்கென்றோ மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற விளக்கத்திலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. நெல்வயலும் ஆற்றின் கால்வழியும்கூட அதில் வராது. நம் பக்கத்துக் குளங்களில் பெரும்பாலானவை பாசனக் குளங்கள். ஆகவே "ஈரநில விதிகளின்படி பாதுகாக்க வேண்டும்" என்ற ஒற்றை வரியை நம்பி மனு எழுதாதீர்கள். ஆக்கிரமிப்பு உங்கள் பிரச்சினை என்றால், 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இன்னும் கைக்கு அடக்கமானது. பறவை வளம் உண்மையிலேயே பெரிது என்றால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஈரநிலக் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பாசனக் குளமாகப் பிறந்த ஈரோட்டு வெள்ளோடு, முதலில் பறவைகள் சரணாலயமாகி, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் சரணாலயம், 2024-இல் ராம்சார். வழி இல்லாமல் இல்லை.

தண்ணீர்க் கணக்கு

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். மீட்புத் திட்டங்கள் தோற்கும் இடம் இதுதான்.

கொங்கு நாட்டுச் சமவெளி மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆனால் நொய்யலின் தலை வெள்ளியங்கிரி மலையில் இருப்பதால், ஊரில் ஒரு துளி இல்லாத ஆடி மாதத்திலும் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தண்ணீர் தாண்டும். உங்கள் குளம் ஆற்று வாய்க்காலில் நிறைவதா, சொந்தப் பள்ளத்தில் (ஓடையில்) வரும் மழைநீரால் நிறைவதா என்பதைப் பொறுத்துத் திட்டமே மாறும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். குளம் 10 ஹெக்டேர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். கொள்ளளவு 1.5 லட்சம் கன மீட்டர். நீர்ப்பிடிப்பு 200 ஹெக்டேர், மழை 650 மில்லிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று கொண்டால் 1.3 லட்சம் கன மீட்டர் வரும். குளம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும், மகிழ்ச்சிதான். இப்போது ஆவியாவதைப் பாருங்கள். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால், முழுப் பரப்பில் 500 கன மீட்டர். அதாவது நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர். 240 நாளில் 1.2 லட்சம் கன மீட்டர். நீர் குறையக் குறையப் பரப்பும் சுருங்கும் என்பதால் உண்மையில் இவ்வளவு போகாது. ஆனால் கசிவும் பாசனமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. ஆக, வருவது அத்தனையும் அந்த ஆண்டுக்குள்ளேயே போய்விடும்.

எனவே பங்குனி, சித்திரையில் குளம் வற்றுவது தோல்வி அன்று. நம் குளங்களின் இயல்பு அது. வற்றும்போது வெளிப்படும் சேற்றில்தான் உள்ளான் பறவைகள் இரை தேடும், மாடு மேயும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்று திட்டத்தில் வாக்குக் கொடுத்தீர்களானால், அதைக் காப்பாற்ற ஆழ்துளைக் கிணற்றைத்தான் திறந்துவிட வேண்டியிருக்கும். மறுபக்கம், சுற்றிலும் கிணறு வற்றிக் கிடக்கும் கோடையில் ஒரு குளம் மட்டும் ததும்பி நின்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். எந்தச் சாக்கடை அதில் விழுகிறது என்று தேடுங்கள்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் சேர்ந்த 1,045 நீர்நிலைகளில் உங்களுடையது ஒன்று என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் 1.5 டிஎம்சியை (150 கோடி கன அடி) ஏற்றி அனுப்புவது. எல்லாக் குளத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 40,000 கன மீட்டரை ஒட்டி வரும். நம் மாதிரிக் குளத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். குளங்கள் சிறிதும் பெரிதுமானவை என்பதால் நிஜப் பங்கு வேறாக இருக்கும். உபரி இருந்தால்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைகளுக்கு வேறு கதை: கசிவுநீர்தான் அவற்றின் உயிர். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி ஈரோட்டுப் பக்கம் அத்தனை சண்டை ஏன் நடந்தது என்று விசாரித்தால் இது விளங்கும்.

கணக்கோடு நிற்காமல் அளக்கவும் வேண்டும். மதகுச் சுவரில் அடிக்கணக்கைப் பெயிண்ட்டால் எழுதி, ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். நூறு ரூபாய் பெயிண்ட் டப்பாதான் செலவு. கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்; ஒப்பிட அது போதும். அளவை எடுக்க வேண்டிய நாள் முதல் மழை நாள், இடம் வரத்து வாய்க்காலின் வாய். நொய்யல் கரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது, 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஏன் உத்தரவிட்டது என்பதெல்லாம் ஊரே அறிந்தது. கெட்ட தண்ணீர் வரும் குளத்தை ஆழப்படுத்தினால், கெட்ட தண்ணீரைக் கூடுதலாகச் சேர்த்து வைத்ததாகத்தான் முடியும்.

மண்வெட்டியோடு ஒரு காலை

தண்ணீர் வற்றிய காலத்தில் குளத்துக்குள் இறங்குங்கள். கரையோரம், நடுவாந்திரம், ஆழமான மூலை என்று மூன்று இடத்தில் ஒரு முழ ஆழம் வெட்டுங்கள். மேலே காய்ந்து வெடித்த வண்டல். அதற்குக் கீழே நிறம் மாறும். நெடுநாள் நீர் தேங்கிய மண் சாம்பல் நிறத்தில் இருக்கும். பழைய வேர் போன தடத்தில் துருப்பிடித்த ஆணியைப் போல ஆரஞ்சுக் கோடுகள் ஓடும். சில இடத்தில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். முகம் சுளிக்காதீர்கள், அது இந்த இடம் ஈரநிலமாக வாழ்ந்ததற்குச் சாட்சி. செம்மண்ணும் சரளையும் கலந்து வந்தால், யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்ணா என்று பாருங்கள்.

ஒரு பிடி ஈர மண்ணை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். இரண்டு அங்குலம் உடையாமல் நீண்டால் நல்ல களி. அந்தக் களி அடுக்குதான் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் பாத்திரம். எந்த ஆழத்தில் தொடங்கி எந்த ஆழத்தில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொக்லைன் ஓட்டுபவருக்கு நீங்கள் கொடுக்கும் ஆழம் அதைத் தாண்டவே கூடாது. வண்டலோடு சேர்த்துக் களியையும் அள்ளிக்கொண்டு போன ஒரு குட்டையில், அதன் பிறகு மழை பெய்து மூன்றாம் நாளே தரை தெரிவதைப் பார்த்திருக்கிறேன். நிலத்தடி நீருக்கு நல்லதுதானே என்பார்கள். கிணறு ஊறுவதற்கென்றே திட்டம் போட்டால் சரி. அல்லியும் நாரையும் வேண்டும் என்று எழுதிவிட்டு அப்படி வெட்டக் கூடாது.

எடுக்கும் வண்டலை விவசாயிகள் வயலுக்குக் கொண்டுபோக வருவாய்த் துறை வழியாக அனுமதி உண்டு. அதைத் திட்டத்திலேயே சேர்த்தால் மண் அகற்றும் செலவு குறையும். ஊரும் உங்கள் பக்கம் நிற்கும். அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர்கூட வெளியே போகக் கூடாது. போனால் உங்கள் பெயரும் மண் திருட்டு வழக்கில் சேரும்.

வடிவம், செடி, பறவை

குளம் சோற்றுக் குண்டானைப் போல இருக்கக் கூடாது. தாம்பாளத்தைப் போல இருக்க வேண்டும். கரை உள்ள பக்கம் ஆழம், நீர் நுழையும் பக்கம் ஐந்தடிக்கு ஓரடி என்ற அளவிலோ அதைவிடச் சாய்வாகவோ படிப்படியாக ஏறும் ஆழமற்ற விளிம்பு. முழங்கால் அளவு தண்ணீரில்தான் கோரையும் சம்பும் அல்லியும் நிற்கும், நாரை நடக்கும், மீன் குஞ்சு ஒளியும். சுற்றிலும் கான்கிரீட் சரிவு போட்டு, கம்பி வேலி கட்டி, கலர் விளக்கு மாட்டிய குளங்களைப் பார்த்தால் எனக்குத் தொட்டி ஞாபகம்தான் வருகிறது. அங்கே நடைப்பயிற்சி நன்றாக நடக்கும், அதை மறுக்கவில்லை.

உள்வாய்க்குள் மரம் நடாதீர்கள். கரையின் வெளிச்சரிவிலும் மறுகால் ஓரத்திலும் நீர்மருது, புங்கன் என்று கொஞ்சம் போதும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் மறு ஆண்டு இரட்டிப்பாகத் துளிர்க்கும். ஆனால் கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை தொடாதீர்கள். ஆகாயத்தாமரையை எடுத்துக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது மறுபடி குளத்துக்குள் இறங்கிவிடும். அதற்கு வெளியே ஓர் இடம் பார்த்து வையுங்கள். பறவைகளை ஓராண்டு மாதம் ஒருமுறை எண்ணி ஒரே பக்க அட்டவணையாகக் கொடுத்தால் போதும். ஆறு பக்கம் படம் வேண்டாம்.

ஊரிடம் பேசுவது

ஆயக்கட்டுக்காரர், மீன் குத்தகை எடுத்தவர், ஆடு மாடு மேய்ப்பவர், வண்ணார், கோவில் தெப்பத்துக்குத் தண்ணீர் கேட்பவர் என்று குளத்துக்கு உரிமைக்காரர் பலர். எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூட்டினால் சத்தமாகப் பேசுபவரின் குளமாக அது ஆகிவிடும். தனித்தனியாக வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். மீன் குத்தகைக்காரரிடம் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுவதில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அது தடை செய்யப்பட்ட மீன், உள்ளதையெல்லாம் தின்று தீர்க்கும். வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்த உத்தரவாலும் அப்படி ஒரு பழக்கத்தைக் கொண்டுவர முடியாது.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் கூடுகிறது. மார்ச் 22 உலக நீர் நாள் என்பதால் குளப் பேச்சுக்கு அன்று காது கொடுப்பார்கள். தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, செய்யப்போகும் வேலை மூன்றும் இருக்கட்டும். "குளத்தைத் தூர்வார வேண்டும்" என்ற வெறும் தீர்மானத்தால் பயன் இல்லை.

எழுதுவதும் கொடுப்பதும்

எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் பக்கத்தில் நீங்கள் மை போட்ட வரைபடம். அடுத்து தண்ணீர்க் கணக்கு, அளவு நோட்டின் சுருக்கம், மண் குழியின் விவரம், வேலைகள் மாத வாரியாக. ஆடிக்கு முன் மண் வேலை முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் பொக்லைன் சேற்றில் நிற்கும்.

பிறகு, தேறியதா என்று எப்படித் தெரியும் என்ற பகுதி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "பல்லுயிர் பெருகும்" என்று எழுதினால் யாரும் அளக்க முடியாது. "மூன்றாம் ஆண்டுக் கார்த்திகை முடிவில் மதகு அளவில் குறைந்தது நான்கு அடி, மாசி முடியும்வரை இரண்டடி, நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை பத்தில் ஒரு பங்குக்குள், முழு வெள்ளத்தில் மறுகால் தடையின்றி அடுத்த குளம் வரை ஓடுவது" என்று எழுதுங்கள். மழை பொய்த்தால் என்ன செய்வது? அதே பள்ளத்தில், நீங்கள் கை வைக்காத இன்னொரு குளத்தையும் சேர்த்து அளந்து வாருங்கள். அதைவிட உங்கள் குளம் எப்படி என்று காட்டலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காணும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அதில் அடக்கம். மில்லும் பனியன் கம்பெனியும் பம்ப் பட்டறையும் நிறைந்த ஊரில் கேட்பதற்கு ஆள் உண்டு. பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் மதகுக்கு எண்ணெய் போடவும் மறுகாலில் புதர் வெட்டவும் ஏற்பாடு செய்யுங்கள். கொடுப்பவர்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், ஏனென்றால் அதைப் படம் பிடித்துப் போட முடியாது.

மனுவை நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எண்ணையும் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். என் இரண்டாவது திட்டத்துக்கும் ஒரு கேள்விக் கடிதம் வந்தது: போன ஐப்பசியில் எத்தனை நாள் மறுகால் பாய்ந்தது என்று கேட்டிருந்தார்கள். நோட்டைப் பிரித்து, பதினொரு நாள் என்று தேதியோடு அன்று மாலையே பதில் எழுதினேன்.